ஆபரேஷனுக்குப் பிறகும் ஏறும் பி.எஸ்.ஏ.: புராஸ்டேட் புற்றுநோய் பரவுமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஒருவருக்கு வயது 64 என்று வைத்துக்கொள்வோம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியையே முழுசா எடுத்தாச்சு. தையல் ஆறி, சிறுநீர்க் கசிவு நின்று, பழையபடி காலையில் வாக்கிங் போக ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஒன்றரை வருடமாக ரிப்போர்ட்டில் பி.எஸ்.ஏ. அளவு 0.1-க்குக் கீழேயே இருந்தது. இந்த முறை 0.2 என்று வந்திருக்கிறது.

"டாக்டர், பரவிடுச்சா?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. "இந்த ஒரு நம்பரை வச்சு அப்படிச் சொல்ல முடியாது சார்" என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதிலோடு யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது. உடனே கதிர்வீச்சு கொடுக்க வேண்டுமா, ஹார்மோன் ஊசி போட வேண்டுமா, இல்லை கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா? மூன்றுக்குமே விலை உண்டு.

பரவுவதற்கு முன்பே, 'இந்தக் கட்டி பரவக்கூடிய ரகம், இது அவ்வளவு ஆபத்தில்லாத ரகம்' என்று பிரித்துக் காட்டும் அடையாளங்களை மருத்துவ உலகம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடிவருகிறது. இவற்றைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். 2025-இல் இந்தத் தேடலில் ஒரு முக்கியமான படி தாண்டப்பட்டது. இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, அது நோயாளிக்கு எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம்.

சுரப்பியையே எடுத்த பிறகு பி.எஸ்.ஏ. எங்கிருந்து வருது?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் தயாரிக்கும் ஒரு புரதம். புற்றுநோய் செல்தான் என்றில்லை, நல்ல செல்லும் தயாரிக்கும். அதனால்தான் சுரப்பி உடம்பில் இருக்கும்போது பி.எஸ்.ஏ. ஏறினால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வயதாகிச் சுரப்பி வீங்கியிருக்கலாம், கிருமித் தொற்று இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம்.

சுரப்பியை எடுத்த பிறகு கணக்கு மாறிவிடுகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் பி.எஸ்.ஏ. சுமார் 2 முதல் 3 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஓரிரு மாதங்களில் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதன் பிறகு அது தென்பட்டால், புராஸ்டேட் செல்கள் எங்கோ மிச்சம் இருக்கின்றன என்று அர்த்தம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1986-இல் இந்தப் பரிசோதனைக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்ததே, ஏற்கெனவே புற்றுநோய் இருப்பவர்களைக் கண்காணிக்கத்தான். புதிதாக நோயைக் கண்டுபிடிக்க உதவும் பரிசோதனையாக அதற்கு அனுமதி கிடைத்தது 1994-இல்.

ஆபரேஷன் முடிந்து 4 முதல் 8 வாரத்திலும் பி.எஸ்.ஏ. 0.1 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது இறங்கவே இல்லை என்று பொருள். நோய் எங்கோ தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவர்கள் இதைக் கவனமாகப் பார்ப்பார்கள். இறங்கிய பிறகு மறுபடி ஏறி, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, இரண்டாவது பரிசோதனையிலும் அது உறுதியானால் அதற்குப் பெயர் 'உயிர்வேதியியல் மறுவருகை'. அதாவது, ரத்தத்தில் மட்டும் தெரியும் மறுவருகை. உடம்பில் வலி இருக்காது. சாதாரண ஸ்கேனிலும் எதுவும் தெரியாது.

ஏறினால் பரவிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. இதற்கான அடிப்படை ஆதாரம் 1999-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1982 முதல் 1997 வரை புராஸ்டேட் அகற்றப்பட்ட 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 315 பேருக்கு பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியது. தொடக்கத்திலேயே ஹார்மோன் சிகிச்சை பெற்ற 11 பேரை விட்டுவிட்டு மீதி 304 பேரைப் பார்த்தால், 103 பேருக்கு, அதாவது 34 சதவீதத்தினருக்குத்தான் அந்த ஆய்வுக் காலத்தில் நோய் எலும்பு போன்ற இடங்களுக்குப் பரவியது.

பரவியவர்களிலும் அது உடனே நடக்கவில்லை. பி.எஸ்.ஏ. ஏறியதிலிருந்து பரவல் தெரியவர ஆன காலத்தின் இடைநிலை அளவு 8 ஆண்டுகள். இத்தனைக்கும் பரவல் தெரியும்வரை இவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுக்கப்படவில்லை.

64 வயதுக்காரருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டு என்பது நடுவில் நிற்கும் எண். சிலருக்கு இரண்டே ஆண்டில் பரவியது, சிலருக்குப் பதினைந்து ஆண்டாகியும் பரவவில்லை. ரிப்போர்ட்டில் எல்லாருக்கும் அதே 0.2-தான். இவர்களை எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி.

அளவைவிட வேகம் முக்கியம்

முதலில் கிடைத்த துப்பு ரொம்ப எளிமையானது. பி.எஸ்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது அதிகம் சொல்லும். ஒரு அளவு இரண்டு மடங்காக எத்தனை மாதம் ஆகிறது என்று கணக்கிடுகிறார்கள். இதுதான் இரட்டிப்புக் காலம்.

இரண்டு பேருக்கும் இன்று 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 0.4, 0.8, 1.6 என்று போய் ஒரே வருடத்தில் 3.2 ஆகிவிடும். இன்னொருவருக்கு இரட்டிக்க 18 மாதம் ஆகிறது. அவருக்கு ஒரு வருடம் கழித்தும் 0.3-ஐ ஒட்டித்தான் இருக்கும். முதலாமவரின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, அவை வேறு இடத்தில் குடியேறியிருக்கும் வாய்ப்பும் அதிகம்.

1999 ஆய்விலேயே 10 மாதத்துக்குள் இரட்டித்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. 2005-இல் அதே மருத்துவமனையின் 379 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, இரட்டிப்புக் காலத்தை 3 மாதத்துக்குக் கீழ், 3 முதல் 9, 9 முதல் 15, 15-க்கு மேல் என்று நான்காகப் பிரித்தது. இதோடு கட்டியின் தீவிரத்தையும், ஆபரேஷன் முடிந்து மூன்று ஆண்டுக்குள் ஏறியதா பிறகு ஏறியதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகம் என்பதை ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது.

இன்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி நெறிகளும் இதே வழியில்தான் போகின்றன. இரட்டிப்புக் காலம் ஓராண்டுக்கு மேல், கட்டியின் கிளீசன் மதிப்பெண் 8-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு. இரண்டில் ஒன்று தவறினாலும் ஆபத்து அதிகம்.

இந்த வேகக் கணக்கு சிகிச்சையையும் தீர்மானிக்க ஆரம்பித்துவிட்டது. 2023-இல் வெளியான எம்பார்க் ஆய்வில், 9 மாதத்துக்குள் இரட்டிக்கும் 1,068 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கமான லூப்ரோலைடு ஊசி மட்டும் போட்டவர்களில் 5 ஆண்டுகளில் பரவல் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் 71.4 சதவீதம். அதோடு என்சலூட்டமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 87.3 சதவீதமாக உயர்ந்தது. மெதுவாக ஏறுபவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. அவர்கள் இந்த ஆய்விலேயே இல்லை.

ஆனால் வேகத்தை வைத்துச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. வேகம் தெரிய வேண்டுமென்றால் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. குறைந்தது மூன்று அளவுகளாவது வேண்டும், அவற்றுக்கு நடுவில் சில வாரங்கள் இடைவெளியும் வேண்டும். 0.03, 0.05 போன்ற மிகச் சிறிய எண்களில் பரிசோதனைக் கருவியின் சின்னப் பிசகுகூட இரட்டிப்பு மாதிரி தெரியும்.

அப்ப எல்லாருக்கும் முதல்லயே கதிர்வீச்சு கொடுத்துட்டா என்ன?

நியாயமான கேள்வி. ரொம்ப காலம் பல மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சுரப்பியை எடுத்த பிறகு பேத்தாலஜி ரிப்போர்ட்டில், வெட்டிய விளிம்பில் புற்றுநோய் செல் இருக்கிறதா, சுரப்பியின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா, விந்துப்பையைத் தொட்டிருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள். இதில் ஏதாவது இருந்தால், பி.எஸ்.ஏ. ஏறும்வரை காத்திருக்காமல் உடனே கதிர்வீச்சு கொடுக்கலாம் என்பது அந்தக் கட்சி.

இதைச் சோதித்துப் பார்க்க பிரிட்டன் தலைமையில் ராடிகல்ஸ், ஆஸ்திரேலியா–நியூசிலாந்தில் ரேவ்ஸ், பிரான்சில் கெடுக் என்று மூன்று ஆய்வுகள் நடந்தன. 2020-இல் மூன்றின் முடிவுகளையும் சேர்த்து, மொத்தம் 2,153 பேரின் விவரங்களை அலசினார்கள். உடனடியாகக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 5 ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 89 சதவீதம். பொறுத்திருந்து, பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியதும் கதிர்வீச்சு பெறலாம் என்ற குழுவில் 88 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

இதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பொறுத்திருந்த குழுவில் அந்த அலசல் நடந்த நேரம்வரை சுமார் 39 சதவீதத்தினருக்குத்தான் கதிர்வீச்சு தேவைப்பட்டிருந்தது. மீதிப் பேர் அதன் பக்க விளைவுகளிலிருந்து தப்பித்தார்கள். ஏற்கெனவே ஆபரேஷனால் சிறுநீரை அடக்க முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சும் சேர்ந்தால் அந்தத் தொல்லை கூடலாம். மலக்குடலில் எரிச்சல், ரத்தக் கசிவு வரலாம்.

ஹார்மோன் சிகிச்சைக்கும் விலை உண்டு. உடல் திடீர் திடீரென்று சூடாகும், தசை குறையும், எலும்பு மெலியும், சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் ஆபத்து கூடும், தாம்பத்திய ஆசை போய்விடும். இதையெல்லாம் நம் ஊரில் ஆண்கள் மனைவியிடம்கூட எளிதில் பேசுவதில்லை. தேவையில்லாத ஒருவருக்கு இவ்வளவையும் கொடுத்தால் அது சிகிச்சை ஆகாது.

அதே நேரம் ரொம்பவும் தாமதிக்க முடியாது. பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே, 0.5-ஐத் தாண்டுவதற்கு முன்பே கொடுக்கும் கதிர்வீச்சுதான் நன்றாக வேலை செய்கிறது. ஆக, சிகிச்சை நன்றாகப் பலிக்கும் நேரமும், நோய் எந்தப் பக்கம் போகும் என்பது கண்ணுக்குத் தெரியாத நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஏறுவதற்கு முன்பே தகவல் தரும் பயோமார்க்கருக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இந்த இக்கட்டுதான்.

மெழுகுக் கட்டிக்குள் இருக்கும் தகவல்

ஆபரேஷனில் எடுத்த சுரப்பியை யாரும் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. அதைத் துண்டு துண்டாக வெட்டி, பதப்படுத்தி, மெழுகில் பதித்து, பேத்தாலஜி பிரிவின் அலமாரியில் வைப்பார்கள். 'பிளாக்' என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் கிளீசன் மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

நுண்ணோக்கி செல்லின் உருவத்தைத்தான் காட்டும். அந்த செல்லுக்குள் எந்தெந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதைக் காட்டாது. பரவும் குணம் அதில்தான் ஒளிந்திருக்குமோ என்ற கேள்வியோடு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1987 முதல் 2001 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 545 பேரின் திசுக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டதால், யாருக்கு நோய் பரவியது, யாருக்குப் பரவவில்லை என்ற விடை ஏற்கெனவே கையில் இருந்தது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வித்தாளைத் தேடுகிற மாதிரி வேலை.

சுமார் 14 லட்சம் ஆர்.என்.ஏ. அடையாளங்களைச் சலித்து, கடைசியில் 22-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். செல் பெருகும் வேகம், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தன்மை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் செயல்பாடு போன்றவற்றோடு தொடர்புள்ளவை அவை. 2013-இல் வெளியான இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் 'டிசைஃபர்' பரிசோதனை. இன்று இதை அமெரிக்காவின் வெராசைட் நிறுவனம் செய்துதருகிறது. முடிவு 0-வுக்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணாக வரும். 0.45-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 0.60-க்கு மேல் என்றால் அதிகம், நடுவில் இருந்தால் நடுத்தரம்.

இதன் பெரிய அனுகூலம், பி.எஸ்.ஏ. ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திசு ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. நோயாளியை மறுபடி கத்திக்குக் கீழே படுக்க வைக்க வேண்டியதும் இல்லை.

சரி, எவ்வளவு துல்லியம்? நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னால் 0.5, நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னால் 1 என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அந்த முதல் ஆய்வின் சரிபார்ப்புக் குழுவில் இந்தப் பரிசோதனை வாங்கியது 0.75. கிளீசன், பி.எஸ்.ஏ. போன்ற வழக்கமான விவரங்களை மட்டும் வைத்துக் கணித்தபோது 0.69. முன்னேற்றம்தான், ஆனால் ஜோசியம் மாதிரி நடப்பதை அப்படியே சொல்லிவிடும் கருவி இல்லை. 'ஆபத்து அதிகம்' என்று வந்தவருக்குப் பரவாமலே போகலாம். 'குறைவு' என்று வந்தவருக்குப் பரவவும் செய்யலாம்.

ஆபத்தைச் சொல்வது வேறு, மருந்து பலிக்குமா என்பது வேறு

நிறையப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான். 'உங்களுக்கு ஆபத்து அதிகம்' என்று சொல்லும் பரிசோதனை, 'இந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யும்' என்று சொல்வதாக ஆகிவிடாது. வானிலை அறிக்கை மழை வரும் என்று சொல்லும். கையில் இருக்கும் குடை அந்த மழையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை தேட ஒரு பழைய ஆய்வு கைகொடுத்தது. 1998 முதல் 2003 வரை வட அமெரிக்காவில், ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. ஏறிய 760 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும், இன்னொரு பாதிக்குக் கதிர்வீச்சோடு இரண்டு ஆண்டு பைகலூட்டமைடு மாத்திரை என்று கொடுத்தார்கள். 12 ஆண்டு முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 76.3 சதவீதத்தினரும், எடுக்காதவர்களில் 71.3 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். பலன் உண்டு. ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கு மார்பு வீங்கியது.

பிறகு இதே ஆய்வில் பங்கெடுத்த 352 பேரின் சேமித்து வைத்த திசுக்களை டிசைஃபர் பரிசோதனைக்கு உட்படுத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தவர்களுக்கு மாத்திரையால் 12 ஆண்டு உயிர்வாழ்வில் கிடைத்த கூடுதல் பலன் 2.4 சதவீதம்தான். மதிப்பெண் கூடுதலாக இருந்தவர்களுக்கு 8.9 சதவீதம். அதிலும் பி.எஸ்.ஏ. 0.7-க்குக் கீழே இருந்தபோதே கதிர்வீச்சு பெற்று, மதிப்பெண்ணும் குறைவாக இருந்தவர்களுக்கு மாத்திரை எந்த நன்மையும் தரவில்லை. கணக்கு அவர்களுக்குப் பாதகமாகவே சாய்ந்திருந்தது. இரண்டு வருடம் மார்பு வீங்கிச் சிரமப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், அதைத் தவிர்த்திருக்க முடியும் என்பதுதான் இதன் பொருள்.

இது பழைய திசுக்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. முன்கூட்டியே திட்டமிட்டு, பயோமார்க்கர் முடிவை வைத்து நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆய்வுதான் உறுதியான ஆதாரம் தரும். அப்படி ஒன்றுதான் அமெரிக்காவின் என்.ஆர்.ஜி. ஆன்காலஜி அமைப்பு நடத்திய பேலன்ஸ் ஆய்வு. தொடக்கத்தில் சொன்ன முக்கியமான படி இதுதான். இதன் முடிவுகள் 2025-இல் அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வெளியாயின.

இதில் பயன்பட்டது மார்பகப் புற்றுநோயை வகைப்படுத்த உருவான பேம்50 என்ற மரபணுப் பட்டியல். அதை வைத்து புராஸ்டேட் கட்டிகளை 'லூமினல் பி' வகை, மற்ற வகை என்று பிரித்தார்கள். எல்லாருக்கும் கதிர்வீச்சு. அதோடு ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் அபலூட்டமைடு மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. லூமினல் பி வகைக் கட்டி இருந்தவர்களில் அபலூட்டமைடு எடுத்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்த வாய்ப்பு தெளிவாகக் கூடியது. மற்ற வகைக்காரர்களுக்கு மாத்திரை சேர்த்ததால் பலன் தெரியவில்லை.

எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துபோயிருக்கும். ஒரு கவனம் தேவை: இங்கே அளந்தது பி.எஸ்.ஏ. திரும்ப வருகிறதா என்பதைத்தான். ஆயுள் நீள்கிறதா என்று சொல்ல இன்னும் பல வருடம் இவர்களைப் பின்தொடர வேண்டும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டா தெரிஞ்சிடாதா?

இப்போது அதிகம் பேசப்படுவது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புராஸ்டேட் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். பழைய சி.டி., எலும்பு ஸ்கேன் ஆகியவற்றைவிட இது பல மடங்கு நுட்பமானது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் முதல் அனுமதி கிடைத்தது.

ஆனால் இதுவும் பி.எஸ்.ஏ. அளவைப் பொறுத்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பி.எஸ்.ஏ. 2-ஐத் தாண்டியவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் ஏதோ ஓரிடம் ஒளிர்ந்தது. 0.2 முதல் 0.5 வரை இருந்தவர்களில் அது சுமார் 45 சதவீதம். 0.2-க்குக் கீழே மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 0.2 அளவில் ஸ்கேன் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. கண்ணில் படும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஸ்கேனில் தெரியட்டும் என்று கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டி.என்.ஏ. துணுக்குகளைப் பிடிக்கும் பரிசோதனை பற்றியும் செய்திகள் வருகின்றன. நோய் நன்றாகப் பரவிய கட்டத்தில் அது பயன்படுகிறது. ஆபரேஷன் முடிந்த தொடக்கக் கட்டத்தில் புராஸ்டேட் புற்றுநோய் ரத்தத்தில் உதிர்க்கும் துணுக்குகள் மிகக் குறைவு. அதனால் 'ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாம் தெரியும்' என்ற விளம்பரங்களை இப்போதைக்குக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இந்தியாவில் என்ன நிலை?

உலக அளவில் 2022-இல் சுமார் 14.7 லட்சம் ஆண்களுக்குப் புதிதாகப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. இந்தியாவில் அந்த ஆண்டு மதிப்பீடு ஏறத்தாழ 38 ஆயிரம். 2020-இல் உலகில் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2040-இல் 29 லட்சமாகும் என்று லான்செட் ஆணையம் 2024-இல் கணித்தது. மக்களின் ஆயுள் கூடுவதுதான் முக்கியக் காரணம். அதனால் இந்தியா போன்ற நாடுகளில் ஏற்றம் அதிகமாக இருக்கும்.

மரபணுப் பரிசோதனையைப் பொறுத்தவரை இரண்டு தடைகள். ஒன்று, பணம். டிசைஃபர் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு கொடுக்கும் தொகையே 5,150 டாலர், நம் பணத்தில் நாலு லட்சம் ரூபாய்க்கு மேல். இரண்டாவது, இங்கே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளிடம் நடந்தவை. 0.45, 0.60 என்ற எல்லைகள் நம்மவர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பதை நம்மவர்களின் திசுக்களை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் வசதி சென்னை உள்ளிட்ட பெரிய நகரங்களில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் இருப்பவர்கள் பயணம் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இதுவரை பார்த்தவற்றில் மிகவும் சோதிக்கப்பட்ட அடையாளம், மிகவும் மலிவானது. பி.எஸ்.ஏ.-வின் இரட்டிப்புக் காலமும், பேத்தாலஜி ரிப்போர்ட்டில் இருக்கும் கிளீசன் மதிப்பெண்ணும் கையில் இருந்தாலே பெரும்பாலான முடிவுகளை எடுக்க முடியும். சில நூறு ரூபாய்ப் பரிசோதனை. ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்?

பி.எஸ்.ஏ. பரிசோதனையை எப்போதும் ஒரே லேபில் செய்யுங்கள். ஒவ்வொரு லேபின் கருவியும் கொஞ்சம் மாறுபடும். இந்த மாதம் ஒரு இடம், அடுத்த மாதம் இன்னொரு இடம் என்று மாற்றினால், ஏறியது நோயா கருவியா என்று தெரியாது.

தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். அப்பாவின் ரிப்போர்ட்டுகள் பீரோவில் ஒன்று, மகளின் வாட்ஸ்அப்பில் ஒன்று என்று சிதறிக் கிடந்தால், மருத்துவரால் வேகத்தைக் கணக்கிட முடியாது.

ஆபரேஷன் முடிந்து வந்த பேத்தாலஜி ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கிளீசன் மதிப்பெண், விளிம்பு நிலை, விந்துப்பை, நிணநீர் முடிச்சு பற்றிய விவரங்கள் பேத்தாலஜி ரிப்போர்ட்டில்தான் இருக்கும். மெழுகு பிளாக்குகளை மருத்துவமனை எத்தனை ஆண்டு வைத்திருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால் அதுதான் வேண்டும்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டில் எண் ஏறியதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுபரிசோதனையில் உறுதிசெய்த பிறகுதான் அடுத்த பேச்சு. அதே நேரம், 'வலி எதுவும் இல்லையே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்றும் விட்டுவிடக் கூடாது. வலி வரும்வரை காத்திருந்தால் சிகிச்சைக்கான நல்ல நேரம் போயிருக்கும்.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளை நேரடியாகக் கேட்கலாம். எனக்கு இரட்டிப்புக் காலம் எத்தனை மாதம்? இப்போது கதிர்வீச்சு கொடுக்காமல் பொறுத்தால், எந்த அளவைத் தொட்டதும் தொடங்குவீர்கள்? ஹார்மோன் மருந்தும் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்றால், என் மாதிரி நோயாளிக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பலன் எவ்வளவு?

தொடக்கத்தில் பார்த்த அந்த 64 வயதுக்காரருக்கு இந்த மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பு அதற்கு எந்த மருத்துவரிடமும் தெளிவான பதில் இல்லை. இன்று, ஒரு பகுதியினருக்காவது, 'உங்களுக்கு அந்த மருந்து தேவையில்லை' என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.